அருகிருந்து பார்ப்பது யார் கடன்?

மூச்சுக்குழலில் துளையிட்டுப் பொருத்திய குழாய் வழியே மூச்சுவிடும் குழந்தை, மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ செருகிய குழாயில் கஞ்சி ஏற்கும் குழந்தை, ஒரே நாளில் பலமுறை வலிப்பு வரும் குழந்தை, தானாகப் புரண்டு படுக்க முடியாத குழந்தை ஆகியோரைச் சிக்கலான மருத்துவத் தேவையுள்ளவர்கள் என்று மருத்துவம் ஒரே வகையில் சேர்க்கிறது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் எட்டாமல் போனது, பெருமூளை வாதம், தசைச் சிதைவு, தலையில் நீர் கோத்தல், பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறு என்று காரணங்கள் பல. இவற்றில் பெரும்பாலானவை முழுதாகக் குணமாவதில்லை. ஆனால் கவனிப்பு ஒரு வேளைகூட நிற்க முடியாது. மருத்துவமனை தன்னால் ஆனதைச் செய்து முடித்து, ‘இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று அனுப்பிய பிறகுதான் வேலையின் பெரும்பகுதி தொடங்குகிறது. அந்த வேலை யாருடைய கடமை என்பது பார்வைக்கு நிர்வாகக் கேள்வி. வீட்டுத் திண்ணையில் அது சமயக் கேள்வியாகவே எழுகிறது: இந்தப் பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தது, இதைச் சுமக்க வேண்டியவர் யார்?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இந்தக் கேள்வியைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பாறசாலை, காரோடு, குளத்தூர், செங்கல், குன்னத்துக்கால், வெள்ளறடை முதலிய அதன் ஊர்கள் தமிழ்நாட்டின் விளவங்கோட்டுப் பகுதியை ஒட்டியும் நெருங்கியும் கிடக்கின்றன. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. உறவு இருபுறமும் பிரிந்து கிடக்கிறது. களியக்காவிளையில் தாய்வீடும் பாறசாலையில் புகுந்தவீடும் உள்ள பெண்கள் ஏராளம். குழந்தைக்குக் கடுமையான நோய் என்றால் இரு பக்கத்தாரும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவமனைக்கோதான் ஓடுகிறார்கள். கோயிலும் சி.எஸ்.ஐ. சபையும் கத்தோலிக்கப் பங்கும் பெந்தெகொஸ்தே ஜெபவீடும் அய்யாவழி நிழல்தாங்கலும் பள்ளிவாசலும் சிறு சுற்றளவுக்குள் இருக்கும் நிலப்பகுதி இது. ஒரே கேள்விக்குப் பல சமயங்களின் பதிலை ஒரே தெருவில் கேட்க முடியும்.

பதில்களுக்கு முன் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். தொண்டைக் குழாயில் சளி கட்டினால் களகளவென்று சத்தம் வரும். கையைக் கழுவி, சக்‌ஷன் மெஷினைப் போட்டு, மெல்லிய கதீட்டரை அளந்த ஆழத்துக்கு மட்டும் உள்ளே விட்டு, பத்து விநாடிக்குள் சளியை இழுத்து வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் குழந்தைக்கு மூச்சுத் திணறும். சளி கூடிய இரவில் இதை மணிக்கு இரண்டு மூன்று முறை செய்ய நேரிடும். 50 மில்லி சிரிஞ்சில் உணவு விடும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். விட்ட பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் முடியும். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பு முட்டும் இடத்தில் தோல் சிவந்து புண் விழும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கரண்ட் போனால் மெஷினும் நின்றுபோகும். காலால் மிதிக்கும் பம்ப் வைத்திருக்கும் வீடு தப்பிக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இதே வேலையைப் பயிற்சி பெற்ற நர்சுகள் ஷிப்டு மாற்றிச் செய்கிறார்கள். வீட்டில் ஒரே ஷிப்டுதான், அநேகமாகத் தாய்க்கு.

பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தது என்பதற்கு ஊர் முதலில் சொல்லும் பதில் முன்வினை. குழந்தை வினை செய்ய வயதில்லாததால் பழி முற்பிறவிக்கோ பெற்றோருக்கோ, பெரும்பாலும் பெற்றவளுக்கோ போய்ச் சேரும். சைவ சித்தாந்தத்தின் வினைக் கொள்கை இந்தத் திண்ணைத் தீர்ப்பைத் தாங்குவதில்லை. பலன் தரத் தொடங்கிவிட்ட பழவினையைப் பிராரத்தம் என்றும், இப்போது புதிதாகச் சேர்ப்பதை ஆகாமியம் என்றும் அது பிரிக்கிறது. ஒருவர் அனுபவிப்பது எந்த வினையின் பலன் என்று கணக்குப் பார்க்கும் அதிகாரம் பக்கத்து வீட்டாருக்கு அதில் தரப்படவில்லை. அப்படியே பழவினை என்று வைத்துக்கொண்டாலும், கண்ணெதிரே திணறும் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோவது கடந்துபோகிறவரின் ஆகாமியத்தில் ஏறும். கொள்கை பார்வையாளரின் பக்கம் திரும்புகிறது. ஊர்ப்பேச்சு அதைத் தாயின் பக்கம் திருப்பிவைத்திருக்கிறது.

யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் இதே கேள்வி வருகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிட்டு, தரையில் குனிந்து சேறு குழைத்து அவன் கண்ணில் பூசுகிறார். காரணத்தைத் தேடும் பேச்சு முடிந்து கவனிப்பு தொடங்கும் இடம் அது. அதைப் பல ஆண்டுகளாக வாசித்துவரும் சபைகளிலேயே, குணமாகாத பிள்ளையின் பெற்றோரிடம் ‘விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லப்படுவதும் உண்டு. பழைய கேள்வி உடைமாற்றி வந்ததாகவே அதைக் கொள்ள வேண்டும். இஸ்லாமிய நெறியில் பருவமடையாத குழந்தைக்குப் பாவக் கணக்கே இல்லை. அதன் நோயைத் தண்டனையாகப் படிக்க அங்கே இடமில்லை.

காரணம் தேடும் மனம் சமயத்தோடு நின்றுவிடுவதில்லை, சட்டத்திலும் தொடர்கிறது. காசர்கோட்டில் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 2000 வரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லி வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்கே படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளின் தாய்மார் வழக்காடினார்கள், திருவனந்தபுரத்துக்கு வந்து போராடினார்கள். பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி 2017 ஜனவரி 10-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கொடுப்பதில் ஏற்பட்ட தாமதத்தை 2022-இலும் அந்த நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. பிழை செய்தவர் யாரென்று காட்ட முடிந்ததால் காசர்கோட்டுத் தாய் நியாயம் கேட்க முடிந்தது. பாறசாலையில் பிறப்பின்போது மூச்சு முட்டிய குழந்தையின் தாய்க்குக் கைகாட்ட யாரும் இல்லை. எனவே அவருக்குக் கிடைப்பது இரக்கம் மட்டும். இரண்டு குழந்தைகளுக்கும் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்கும் தேவை ஒன்றே. உதவி பெறும் தகுதி குற்றவாளி கிடைப்பதைப் பொறுத்திருப்பது, ‘யார் பாவம்’ என்ற கேள்வியின் சட்ட வடிவம்தான்.

கடமை யாருடையது என்ற அடுத்த கேள்விக்குத் தமிழில் பழைய, தெளிவான ஒரு சட்டகம் இருக்கிறது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான ‘மருந்து’ 950-ஆம் குறளில் முடிகிறது. அக்குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து இயற்றுபவர். சரக சங்கிதையும் இதே நான்கைச் சிகிச்சையின் கால்களாகச் சொல்கிறது. நான்கில் ஒன்று இல்லையென்றால் மருத்துவம் முழுமையில்லை என்பதே இதன் பொருள். அருகிருப்பவர் மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் உறவினர் அல்லர். பரிமேலழகர் உரை இன்னும் ஒரு படி போய், அவரிடம் இருக்க வேண்டிய நான்கு இயல்புகளை எண்ணுகிறது: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. அன்பு இந்த நான்கில் ஒன்று. தாயிடம் அது நிறைய இருக்கிறது என்பதால் மீதி மூன்றும் தானாக வந்துவிடாது. கதீட்டரை எவ்வளவு ஆழம் விடுவது என்பது அறிவு. மூன்றாவது இரவும் தூங்காமல் அதைச் சரியாகச் செய்வது வன்மை. அறிவைக் கற்றுக்கொடுக்கலாம். வன்மைக்குத் தூக்கம் வேண்டும், தூக்கத்துக்கு மாற்றாள் வேண்டும்.

இந்த இடத்தில்தான் புகழ்ச்சி குறுக்கே வருகிறது. ‘தெய்வமாப் பார்த்துக்கிடுதா’, ‘அவளுக்க சிலுவை’, ‘கடவுள் தாங்கக்கூடியவங்களுக்குத்தான் குடுப்பாரு’ என்பவை எல்லையூர்களில் காதில் விழும் பேச்சு. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் தெய்வத்துக்கு யாரும் இரவில் மாற்றாளாக வந்து உட்கார்வதில்லை. தியாகி என்று பெயர் சூட்டிவிட்டால் அவளுக்குக் கூலியோ ஓய்வோ நோயோ இருப்பதாக எண்ணவேண்டிய அவசியம் நீங்கிவிடுகிறது. முதுகுவலியோ மனச்சோர்வோ சொன்னால் அது பக்திக் குறைவாகப் படுகிறது. பிள்ளையைச் சில நாள் வேறொருவரிடம் விட்டு ஓய்வெடுக்க நினைப்பதே பாவம் என்று அந்தத் தாயே நம்பிவிடுவதுண்டு.

சிலுவை என்ற உருவகத்தைப் பயன்படுத்துவோர் அதை முழுதாகப் பயன்படுத்த வேண்டும். வெள்ளறடைக்கு அருகே மாநில எல்லையில் நிற்கும் தெற்கன் குருசுமலைக்குத் தவக்காலத்தில் தமிழரும் மலையாளிகளும் ஏறுகிறார்கள். சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளில் ஐந்தாவதில் சீரேனே ஊர் சீமோன் வருகிறார்: வழியில் போன ஒருவரைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். அந்தச் சுமையே ஒருவரால் கடைசிவரை தனியாகச் சுமக்கப்பட்டதாகக் கதை சொல்லவில்லை. தவிர, சிலுவையைத் தானே ஏற்பதும் இன்னொருவர் முதுகில் ஏற்றுவதும் ஒன்றல்ல. தியாகம் தேர்ந்துகொண்டதாக இருக்க வேண்டும். மாற்று வழி இல்லாத இடத்தில் தேர்வும் இல்லை.

கடமை உறவைத் தாண்டிப் பரவும் முறையைப் பௌத்த விநயத்தின் ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் கழுவிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, உங்களைப் பார்க்க இங்கே தாயோ தந்தையோ இல்லை, ஒருவரை ஒருவர் நீங்களே பார்க்கவேண்டும் என்ற கருத்தைப் புத்தர் விதியாக்குகிறார். இஸ்லாமிய நெறியில் பர்ளு கிஃபாயா என்னும் கடமை வகை உண்டு. ஊரில் சிலர் அதைச் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்தில் நிற்கும். இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை இதற்குத் தெரிந்த உதாரணம். மருத்துவத்தையும் இந்த வகையில் சேர்த்தவர் இமாம் கஸ்ஸாலி. நோயுற்ற குழந்தையின் வீட்டு இரவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கடமை வடிவத்தை நவீன நலவாரியம் எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. விழுந்து கிடப்பவரைக் காப்பதே தருமம் என்ற கருத்து அய்யாவழியிலும் மையமானது. ஆக, அப்பகுதியின் சமயங்கள் எதிலும் இதற்கான சரக்குக்குக் குறைவில்லை. அது பிரசங்கமாக இருக்கிறது, இரவு முறைப்பட்டியலாக இல்லை.

வீட்டில்தான் பார்க்க வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. மருத்துவமனையில் நீண்டகாலம் கிடக்கும் குழந்தைக்குத் தொற்று ஒரு நிரந்தர ஆபத்து. அண்ணன் தங்கையின் சத்தம், வாசலில் விழும் வெயில், தெரிந்த கைகள் எதுவும் அங்கே இல்லை. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துச் சிறுமி கேட்டி பெக்கெட்டின் கதை இதில் திருப்புமுனை. 1978-இல் பிறந்து, கைக்குழந்தையாக மூளைக்காய்ச்சல் கண்டு, வென்டிலேட்டர் உதவியோடு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மருத்துவமனையிலேயே வளர்ந்தாள். வீட்டில் பார்த்தால் செலவு குறைவு. ஆனால் மருத்துவமனையில் இருந்தால்தான் அரசுக் காப்பீடு பணம் கொடுக்கும் என்பது விதி. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் இதைச் செய்தியாளர் கூட்டத்தில் சுட்டிக்காட்ட, விதிவிலக்கு கிடைத்து அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன் அவள் வீடு திரும்பினாள். 1982-இல் மாநிலங்கள் இத்தகைய குழந்தைகளுக்கு வீட்டிலேயே உதவி வழங்கும் வழியைச் சட்டம் திறந்தது. கேட்டி 34 வயது வரை வாழ்ந்து 2012-இல் இறந்தார்.

இந்தக் கதையில் ஒரு பொறியும் இருக்கிறது. வீட்டுப் பராமரிப்பு மலிவு என்ற வாதம் அரசுக்கு இனிக்கும். நர்ஸையும் கருவியையும் மாற்றாளையும் அனுப்பாமல் குழந்தையை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் செலவு குறைந்ததாகக் கணக்கில் தெரியும். உண்மையில் அது தாயின் கணக்குக்கு மாறியிருக்கும். கேட்டிக்குக் கிடைத்தது வீடும் உதவியும் சேர்ந்தது. உதவியில்லாத வீட்டைப் பரிந்துரைப்பது வேறு காரியம்.

கேரளம் இதில் வெறுங்கையோடு நிற்கும் மாநிலம் அல்ல. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலானோர் தொடங்கிய வலிநிவாரண, சாந்துவனச் (நோய்த்துயர் தணிக்கும் பராமரிப்பு) சங்கம், 1990-களின் இறுதியில் அண்டைவீட்டார் வலையமைப்பாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய எவரும் பயிற்சி பெற்று அதில் சேரலாம். 2008-இல் கேரளம் இந்தியாவிலேயே முதலாவதாகச் சாந்துவனப் பராமரிப்புக்கு மாநிலக் கொள்கை வகுத்தது; 2019-இல் அதைத் திருத்தியது. இன்று கிராமப் பஞ்சாயத்தின் பணத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தை மையமாக வைத்து, ‘பாலியேட்டிவ் சிஸ்டர்’ என்று ஊரார் அழைக்கும் நர்ஸ் ஜீப்பில் வீடுவீடாகப் போகிறார். கூடவே ஆஷா பணியாளர். திருவனந்தபுரத்தில் 2003 முதல் இயங்கும் பேலியம் இந்தியா குழந்தைகளுக்கான சாந்துவனத்தையும் கவனிக்கிறது. உயிர்காக்கும் கருவிகளுக்காகும் மின்சாரத்துக்கு, மனுவும் டாக்டர் சான்றிதழும் கொடுத்தால் மின்வாரியம் கட்டணம் வாங்குவதில்லை.

ஆனால் இந்த அமைப்பு முதியோரையும் புற்றுநோயாளிகளையும் மனத்தில் வைத்து வளர்ந்தது. சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கைப்புண் கட்டுவது, வலிமருந்து சரிபார்ப்பது ஆகியவற்றில் தேர்ந்த நர்ஸுக்கு நான்கு வயதுக் குழந்தையின் தொண்டைக் குழாய் புதிது. சிஸ்டர் வந்துபோவது மாதத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் இன்னும் சிலமுறை. ஒரு மாதத்தில் எழுநூறு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது. குழந்தைச் சாந்துவனம் நோய் கண்டறிந்த நாளிலிருந்தே தொடங்கி, சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இந்த வரையறைக்கும் ஜீப்பின் கால அட்டவணைக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் தாய்மார் நிரப்புகிறார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. 1838-இலேயே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப்பணி தொடங்கிய, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நர்சுகளை அனுப்பிக்கொண்டேயிருக்கும் நிலப்பகுதி இது. இங்கே ‘ஹோம் நர்ஸ்’ என்ற பெயரில் ஏஜென்சிகள் அனுப்புவது பெரும்பாலும் நர்ஸிங் படிக்காத உதவியாளர்களை, அதுவும் சம்பளம் கொடுக்கக்கூடிய வீட்டு முதியோருக்கு.

எல்லை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஜீப் பஞ்சாயத்து எல்லையில் திரும்பிவிடும். அதற்கப்பால் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர் வருகிறார். அவருடைய பதிவேடு வேறு. பிரசவத்துக்குத் தாய்வீடு போன இடத்தில் பிறந்து, எஸ்.ஏ.டி.யில் சிகிச்சை பெற்று, அப்பாவின் ஊரில் வளரும் பிள்ளையின் தாள்கள் இரண்டு மாநிலத்து முத்திரைகளோடு இருக்கும். குடியிருப்புச் சான்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து உதவிதான். உதவித்தொகையிலும் வேறுபாடு உண்டு. கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம், படுக்கையில் கிடப்போரை முழுநேரமும் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. 2025-26-இல் கேரளத்தில் ஊரக வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 369 ரூபாயாக இருந்தது. மாதம் முழுவதும் பார்க்கும் வேலைக்கு இரண்டு நாள் கூலிகூட இல்லை. தமிழ்நாடு கடும் பாதிப்புள்ளோருக்குத் தரும் பராமரிப்புத்தொகை மாதம் 2,000 ரூபாய். அதே ஆண்டில் அங்கிருந்த கூலியான 336 ரூபாயில் அது ஆறு நாள். உயர்ந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அரசுகளின் பொறுப்பாக்குகிறது. எவ்வளவு என்று அது சொல்லவில்லை.

இவ்வளவும் குணமாகாத குழந்தைக்கா என்ற கேள்வியை வெளிப்படையாகக் கேட்பவர் குறைவு. பட்ஜெட்டில் அது பேசாமல் இருக்கிறது. தன்னுணர்வும் பகுத்தறிவும் உள்ள உயிரையே முழுப்பொருளில் ‘நபர்’ என்று கொள்ளும் பீட்டர் சிங்கர் போன்ற மெய்யியலாளர்களிடம் இதற்குத் தத்துவ வடிவமும் உண்டு. நெய்யாற்றின்கரையின் அருவிப்புறத்திலேயே இதற்கு எதிர்வாதம் கிடைக்கிறது. அங்கே 1888-இல் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, அவன் இவன் என்று பிரித்து அறியப்படுவதெல்லாம் ஒரே ஆதி ஆன்மாவின் வடிவம் என்பதை ஆத்மோபதேச சதகத்தில் விளக்கி, ஒருவர் தன் சுகத்துக்காகச் செய்வது பிறர் சுகத்துக்கும் ஆகவேண்டும் என்று அதிலிருந்து பெறுகிறார். அத்வைத நோக்கில் புத்தியும் உடலைப் போலவே ஆன்மாவைச் சூழ்ந்த உறைகளில் ஒன்று. உறை கிழிந்திருப்பதால் உள்ளிருப்பதன் மதிப்புக் குறையும் என்று வாதிட அங்கே வழியில்லை. சாதியால் மனிதத் தகுதி மறுக்கப்பட்டவர்களுக்காக எழுந்த கொள்கை, அறிவுக்குறையால் அது மறுக்கப்படும் குழந்தைக்கும் அப்படியே பொருந்துகிறது. அதே தாலுகாவைச் சேர்ந்த, சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யன்காளியின் ஊரான வெங்ஙானூரில்தான் 2004-இல் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான முதல் ‘பட்ஸ்’ பள்ளியைப் பஞ்சாயத்து தொடங்கியது. பள்ளிக்குக் கொண்டுவரவே முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையை, கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் செய்த திருத்தம் தருகிறது.

அமெரிக்க மெய்யியலாளர் எவா ஃபெடர் கிட்டே, கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள மகளின் தாய். நீதி என்பதைச் சம பலமுள்ளவர்களின் ஒப்பந்தமாகப் பார்க்கும் ஜான் ரால்ஸின் கோட்பாட்டில், பிறரைச் சார்ந்தே வாழ்பவரும் அவரைப் பார்ப்பவரும் விடுபட்டுப் போகிறார்கள் என்று 1999-இல் வெளியிட்ட நூலில் அவர் காட்டினார். அவர் முன்வைக்கும் நெறி எளியது: குழந்தையைத் தாங்குகிறவரைத் தாங்குவது சமூகத்தின் கடன், ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் யாரோ தாங்கி வளர்ந்தவரே. வாங்கியவரிடமே திருப்பிக் கொடுக்க முடியாத கடன் இது, அடுத்தவருக்குத்தான் கொடுக்க முடியும்.

இந்தக் கடனை நிறைவேற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தாய்க்கு வாரத்தில் இரண்டு இரவுத் தூக்கம் என்றால் பதினாறு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தருபவர்கள் என்றால் எட்டுப் பேர். எல்லையூரின் எந்தப் பங்கிலும் நாயர் கரயோகத்திலும் நாராயண குரு வழிவந்த எஸ்.என்.டி.பி. கிளையிலும் ஜமாஅத்திலும் எட்டுப் பேர் கிடைக்காமல் போகமாட்டார்கள். ஆனால் இரண்டு மணிக்கொரு முறை ஆள் மாறும் இரவு பிள்ளைக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. கதீட்டர் பிடிக்கத் தெரியாதவர் வந்து அமர்ந்தால் தாய் தூங்கவும் மாட்டாள். நான்கு பேர் தலா ஒரு முழு இரவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்பதும், அவர்களுக்கு முதலில் சிஸ்டரே பயிற்சி கொடுப்பதும், நெருக்கடியில் கூப்பிட ஒரு மருத்துவமனை எண் இருப்பதும் சேர்ந்தால்தான் இது நடக்கும். தன்னார்வத்தை மட்டும் நம்பினால் தொடக்க உற்சாகம் வடிந்துவிடும். சம்பளம் பெறும் குழந்தை நர்ஸ் ஒருவர் வட்டாரத்துக்கு ஒருவராவது நடுவில் இருக்க வேண்டும். சமயம் ஆளைத் தரலாம், திறமையை அரசுதான் தர வேண்டும்.

சிகிச்சையை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் இந்த வீடுகளுக்கு வந்தே தீரும். மீண்டும் வென்டிலேட்டரில் போடுவதா, இனி வேதனை தராமல் வைத்துக்கொள்வதா என்று ஒரு கட்டத்தில் டாக்டர் கேட்பார். இயற்கையாக நெருங்கும் மரணத்தை எல்லா வழியிலும் தள்ளிப்போட வேண்டிய கடமை இல்லை என்பதைக் கத்தோலிக்க அறநெறி ஏற்கிறது. அளவுக்கு மீறிய சிகிச்சையை மறுக்கலாம், அடிப்படைக் கவனிப்பை நிறுத்தக்கூடாது என்று அது பிரிக்கிறது. வீட்டு நர்ஸின் இடம் இங்கேதான் உறுதிப்படுகிறது. மருந்து நின்ற பிறகும் வாயை ஈரப்படுத்துவது, வலிக்கு மார்ஃபின் கொடுப்பது, திருப்பிப் படுக்கவைப்பது நிற்காது. உதவியில்லாத வீட்டில் இந்த முடிவைக் கேட்பது நேர்மையானதும் ஆகாது. களைப்பிலிருந்து வரும் ‘போதும்’ என்ற சொல்லையும் பிள்ளையின் நன்மை கருதி வரும் ‘போதும்’ என்பதையும் அப்போது பிரித்தறிய யாராலும் முடியாது.

குழந்தை இறந்தபின் பதினாறாம் நாளும் நாற்பதாம் நாளும் நடக்கும். உதவித்தொகை அதற்கு முன்பே நின்றிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலைக்குப் போகாத பெண்ணின் கையில் சான்றிதழ் எதுவும் இருக்காது. ஆனால் சளி இழுப்பதிலும் குழாயில் உணவு விடுவதிலும் வலிப்பைக் கவனிப்பதிலும் அந்தப் பஞ்சாயத்தில் அவருக்கு நிகரான ஆள் இருக்கமாட்டார். நர்ஸின் பதவிக்கு நர்ஸிங் படிப்பு கேட்பது சரியே. இரவில் துணையிருக்கும் பயிற்சிபெற்ற பராமரிப்பாளர் என்று தனிப் பணியிடம் ஒன்றைப் பஞ்சாயத்து உருவாக்கி, குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழு அமைப்பின் வழியாக அவரைக் குறுகிய பயிற்சிக்கு அனுப்பி, சிஸ்டரின் மேற்பார்வையில் கூலியோடு அமர்த்துவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விருப்பமில்லாதவரை அதற்கு அழைக்கவும் கூடாது. அந்த வேலையை மறுபடி பார்க்க மனம் வராத தாய்மாரும் உண்டு, அவர்களுக்கு வேறு தொழில் பயிற்சி தேவை.